நார்மண்டியில் பிடிபட்ட கொரியச் சிப்பாய்: இந்தக் கதை உண்மைதானா?

தேவகோட்டைப் பேரன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்காளிகளின் வாட்ஸாப் குழுவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அடிக்கடி சுற்றி வருகிறது. ஜெர்மன் இராணுவ உடுப்பு அணிந்த, கிழக்காசிய முகமுள்ள ஓர் இளைஞன் மிரண்டுபோய் நிற்கிறான். அமெரிக்க அதிகாரி ஒருவர் அவனிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். படத்துடன் வரும் கதை இது. அவன் பெயர் யாங் கியோங்ஜோங். கொரியாவைத் தன் பிடியில் வைத்திருந்த ஜப்பான், 1938-ல் அவனைப் பதினெட்டு வயதில் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. 1939-ல் மங்கோலிய எல்லையில் நடந்த கால்கின் கோல் சண்டையில் சோவியத் படை அவனைச் சிறைப்பிடித்து, பின்னர் ஆள் பற்றாக்குறை வந்தபோது தன் உடுப்பை மாட்டி ஜெர்மனிக்கு எதிராக அனுப்பியது. 1943-ல் உக்ரைனின் கார்கோவ் நகரில் ஜெர்மானியரிடம் அகப்பட்டவனுக்கு அவர்களும் தங்கள் உடுப்பை மாட்டினார்கள். 1944 ஜூனில் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் அமெரிக்கரிடம் சிக்கி, கடைசியில் அமெரிக்காவிலேயே குடியேறி 1992-ல் இறந்தான் என்று கதை முடிகிறது.

இதை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் அம்மாவைப் பெற்ற தாத்தா பேராக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-ல், சயாமையும் (தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பிய சிலரில் அவரும் ஒருவர். ஊர் வந்து சேர்ந்த பிறகு அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பேசியபோதெல்லாம் ஜப்பான்காரனைவிடக் கொரியாக்காரக் காவலாளிதான் கை நீட்டுவான் என்று சொல்வார். படத்தில் இருப்பவன் பரிதாபத்துக்குரியவன் என்றால், தாத்தாவை அறைந்தவனும் அவனைப் போலப் பிடித்துவரப்பட்டவன்தானா?

ஆகவே என் கேள்விகள் இரண்டு. இந்தப் படத்தின் கதை எந்த அளவுக்கு உண்மை? இப்படி அந்நியன் படைக்கு இழுக்கப்பட்ட கொரிய இளைஞர்களுக்குப் போர் முடிந்த பிறகு என்ன நேர்ந்தது?

காரைக்குடி ஆசிரியர் (ஓய்வு) எழுதுகிறார்:

தம்பிக்கு வணக்கம். முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

படம் உண்மையானது. 1944-ல் பிரான்ஸ் கடற்கரையில் அமெரிக்கத் தரப்பில் எடுத்த படம் அது. ஆனால் அதன் மூலக் குறிப்பில் பெயரும் இல்லை, கொரியன் என்ற சொல்லும் இல்லை. நாஜி உடுப்பில் பிடிபட்ட இளம் ஜப்பானியன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அக்காலத்து அமெரிக்கச் சிப்பாய்க்குக் கிழக்காசிய முகமெல்லாம் ஜப்பானிய முகம்தான். நார்மண்டியில் ஜெர்மன் உடுப்போடு நின்றவர்களில் கணிசமானோர் சோவியத் படையிலிருந்து சிறைப்பிடிக்கப்பட்டுக் கிழக்குப் பட்டாளங்கள் என்ற பெயரில் அமர்த்தப்பட்டவர்கள். அவர்களில் ஜார்ஜியர் இருந்தார்கள்; துர்க்கெஸ்தானைச் சேர்ந்த மத்திய ஆசியர்களும் இருந்தார்கள். படத்தில் இருப்பவன் ஒரு கசாக்காகவோ உஸ்பெக்காகவோ இருப்பதற்கு நிறையவே வாய்ப்புண்டு.

கொரியர்கள் சிலரை அங்கே பிடித்ததாக ஓர் அமெரிக்க வான்குடைப் படை அதிகாரி பிற்காலத்தில் வாய்மொழியாகச் சொன்னது அச்சில் வந்தது. இந்தக் கதைக்கு விதை அதுதான். யாங் என்ற பெயரும், பிறந்த ஆண்டும், அமெரிக்க வாழ்க்கையும் அதன்மேல் பிறகு ஏறியவை. கொரியத் தொலைக்காட்சி ஒன்று 2005-ல் இதைத் தேடிப் போய், அப்படி ஒருவர் வாழ்ந்ததற்கு ஆதாரம் எதையும் காணாமல் திரும்பியது.

கதையின் முதல் வரியே ஆண்டுக் கணக்கில் இடறுகிறது. 1938-ல் கொரியாவில் கட்டாயப் படைச்சேர்ப்பு இல்லை. அந்த ஆண்டு ஜப்பான் கொண்டுவந்தது சிறப்புத் தன்னார்வலர் திட்டம். அதில் முதல் ஆண்டு எடுக்கப்பட்டவர்கள் சில நூறு பேரே. ஊர் அதிகாரியும் போலீசும் வாசலில் வந்து நின்றால் ஏழைக் குடியானவனின் விருப்பம் எவ்வளவு விருப்பமாக இருக்கும் என்பது வேறு விஷயம். கொரியர்களைச் சட்டப்படி கட்டாயமாகச் சேர்ப்பது என்று டோக்கியோ 1942 மே மாதம் முடிவு செய்தது. நடைமுறைக்கு வந்தது 1944-ல். தைவானில் அது 1945-ல்தான் தொடங்கியது.

ஒரு கொரியன் உண்மையிலேயே நார்மண்டியில் இருந்திருந்தால், அவன் ஜப்பானியப் படை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1937-ல் ஸ்டாலின் தூரக்கிழக்கிலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கொரியர்களைப் பெயர்த்து மத்திய ஆசியாவில் கொண்டுபோய் இறக்கினார். அவர்களில் ஒருவனாகவும் அவன் இருந்திருக்கலாம்.

இத்தனை சொன்ன பிறகும் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ஆதாரத்தோடு கிடைக்கும் வாழ்க்கைகள் இந்தக் கதையைவிடக் கனமானவை. அவற்றை யாரும் குழுவில் அனுப்புவதில்லை. 1944 ஜனவரியில் கொரியக் கல்லூரி மாணவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை விருப்பத்தோடு வந்தார்கள் என்று எழுதிக்கொண்டு படையில் தள்ளினார்கள். அவர்களில் சாங் சுன்ஹா என்ற மாணவர் சீனாவில் நிறுத்தப்பட்டிருந்த தன் படைப்பிரிவிலிருந்து அதே ஆண்டு தப்பியோடி, மாதக்கணக்கில் நடந்து சோங்கிங் நகரை அடைந்து, அங்கிருந்த கொரிய விடுதலைப் படையில் சேர்ந்தார். மஞ்சூரியாவில் நிறுத்தப்பட்டிருந்த வேறு பலரோ 1945 ஆகஸ்டில் சோவியத் படையிடம் சிக்கி, ஜப்பானியக் கைதிகள் என்ற கணக்கில் சைபீரியாவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் 1948 இறுதியில்தான் கொரியா திரும்பினார்கள். அதற்குள் நாடு இரண்டாகியிருந்தது. வடக்குத் துறைமுகத்தில் இறங்கித் தெற்கே தம் ஊருக்கு நடந்தவர்களைத் தெற்குப் போலீஸ் உளவாளிகளா என்று விசாரித்தது.

பள்ளத்தூர் வழக்கறிஞர் எழுதுகிறார்:

ஆசிரியர் ஐயா விட்ட இடத்திலிருந்து, நண்பரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

சயாம் பாதையில் காவல் நின்ற கொரியர்கள் சட்டப்படி சிப்பாய்கள் அல்லர். இராணுவத்தின் கூலிப் பணியாளர்கள். 1942 கோடையில் சுமார் மூவாயிரம் பேரை இரண்டாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம் என்று சொல்லிச் சேர்த்தார்கள். தாலுகாவுக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால், போக மறுத்தால் வீட்டு ரேஷன் நிற்கும், எப்படியும் சுரங்கத்துக்கோ படைக்கோ பிடிப்பார்கள் என்ற நிலையில் பலர் கையெழுத்திட்டார்கள். பூசான் நகரில் இரண்டு மாதப் பயிற்சி. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற ஜெனிவா உடன்படிக்கையைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது அறை. இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கவைத்து ஒருவன் கன்னத்தில் மற்றவனை அறையச் சொல்வார்கள். அறை மெதுவாக விழுந்தால் மேலாள் வந்து எப்படி அறைவது என்று காட்டிவிட்டுப் போவான். தாத்தா கண்ட கை அங்கே பழகிய கை.

இவர்களில் லீ ஹாக்ரேயின் வழக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அவர் 1925-ல் தென் சொல்லா மாகாணத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் சேர்க்கப்பட்டு, சயாம் பாதையில் இருந்த ஹின்டோக் கைதி முகாமுக்கு அனுப்பப்பட்டார். கொரியர்கள் தம் பெயரை ஜப்பானியப் பெயராக மாற்றிக்கொள்ள நெருக்கப்பட்ட காலம் அது என்பதால் அவர் அங்கே ஹிரோமுரா. பாதைப் பொறியாளர்கள் நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று கேட்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் ஆஸ்திரேலியக் கைதிகளை எழுப்பிக் கணக்கை நிரப்புவது ஹிரோமுராவின் வேலை. போருக்குப் பின் ஒருமுறை குற்றச்சாட்டு திருப்பி அனுப்பப்பட்டு விடுதலையாகிக் கப்பலேறியவரை, ஹாங்காங்கில் இறக்கி மீண்டும் சிங்கப்பூரின் சாங்கிச் சிறைக்குக் கொண்டுவந்தார்கள். 1947 மார்ச்சில் ஆஸ்திரேலிய இராணுவ நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஏறத்தாழ எட்டு மாதம் தூக்குக் கொட்டடியில் இருந்த பிறகு அது இருபது ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

இனி வருவதுதான் என் தொழில் கண்ணுக்கு உறுத்துவது. லீ 1951-ல் டோக்கியோவின் சுகாமோ சிறைக்கு மாற்றப்பட்டார். 1952 ஏப்ரல் 28 அன்று, ஜப்பானோடு போரை முறைப்படி முடித்த சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது, கொரியர்களும் தைவானியர்களும் ஒரே நாளில் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். நாங்கள் இப்போது ஜப்பானியர் அல்லவே, எங்களை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று அவர்கள் நீதிமன்றம் போனார்கள். தண்டனை பெற்றபோது நீங்கள் ஜப்பானியர், ஆகவே தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்று ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் சொல்லிவிட்டது. அதே 1952-ல் போரில் ஊனமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பத்துக்கும் உதவித்தொகை வழங்கும் சட்டத்தை ஜப்பான் இயற்றியது. அதில் இவர்களைச் சேர்க்கவில்லை, காரணம் இவர்கள் இப்போது ஜப்பானியர் அல்லர். தண்டனைக்கு ஜப்பானியன், உதவித்தொகைக்கு அந்நியன் என்று ஒரே அரசு ஒரே ஆண்டில் இரண்டு வாயால் பேசியதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

போர்க்குற்றத் தண்டனை பெற்ற கொரியர்கள் மொத்தம் 148 பேர். அவர்களில் 129 பேர் முகாம் காவலாளிகள். 23 கொரியர்கள் தூக்கிலிடப்பட்டார்கள் அல்லது சுடப்பட்டார்கள். காவலாளிகளை ஏவிய ஜப்பானிய அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள்தான். ஆனால் கைதிகள் கண்ணால் கண்டு முகம் நினைவில் வைத்திருந்தது அன்றாடம் எதிரே நின்ற காவலாளியைத்தான் என்பதால், அடையாளம் காட்டும் அணிவகுப்பில் அவன்தான் முதலில் அகப்பட்டான்.

கோட்டையூர் ஆச்சி எழுதுகிறார்:

வக்கீல் தம்பி எழுதியதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். கொரியப் பையனுக்கு இழைத்த அநியாயத்தை இத்தனை விரிவாகப் பேசும் இடத்தில், அவன் எதிரே நின்ற நம் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் அப்பச்சி பினாங்கில் ஒரு கிட்டங்கியில், அதாவது செட்டியார்கள் தொழில் நடத்திய கட்டடத்தில், அடுத்தாளாக (உதவியாளாக) சம்பளத்துக்கு இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு ஊர் திரும்ப வழியில்லாமல், நாலு வருஷம் அங்கேயே மாட்டிக்கொண்டார். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக் கட்டு ஒன்று எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஒரு பெட்டியில் இன்றைக்கும் கிடக்கிறது. 1945-ல் அது வெறும் காகிதமாகி, கடன் வாங்கியவர்கள் எல்லாம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தே கணக்கை முடித்துக்கொண்டதை அவர் சாகும் வரை ஆற்றாமையோடு சொல்வார். அது போகட்டும், பணம்.

தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனதை அப்பச்சி வாயால் கேட்டிருக்கிறேன். முதலில் மூன்று மாத வேலை, நாள் சம்பளம், அரிசி, குடும்பத்துக்கு முன்பணம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போனவர்களிடமிருந்து செய்தி வராமல் போகவே அடுத்து யாரும் வரவில்லை. அதன் பிறகு தோட்டத்துக்கு இத்தனை தலை என்று, கணக்குப் பார்த்த கிராணிகளிடம் கேட்டு வாங்கினார்கள். இலவச சினிமா என்று கூட்டி, கதவைச் சாத்தி, உள்ளே இருந்த ஆண்களை அப்படியே ரயிலில் ஏற்றியதும் உண்டு. 415 கிலோமீட்டர் பாதை. வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் என்று ஆசியத் தொழிலாளிகள் அவர்களைப்போல் மூன்று மடங்கு. இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் என்று கணக்கிடுகிறார்கள். கைதிகளுக்குள்ளாவது டாக்டர்கள் இருந்தார்கள், காய்ச்சிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தபோது நம் ஆட்களின் கொட்டகைகளில் அப்படிச் சொல்வதற்கு யாரும் இல்லை.

தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட ஏழாயிரம் கைதிகளுக்குத் தனித்தனியாகக் கல் நட்டிருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் பெயர்ப்பட்டியல்கூடக் கிடையாது. விசாரணைகளும் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கைதிகளுக்குச் செய்த கொடுமையைப் பற்றியவைதாம். ஆகவே தேவகோட்டைத் தம்பி, உங்கள் தாத்தாவை அறைந்தவனும் பிடித்துவரப்பட்டவன்தான் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதற்காகத் தாத்தாவின் கோபத்தை நாம் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கண்டனூர்க்காரர், ஸ்திராஸ்பூரிலிருந்து எழுதுகிறார்:

வேலை நிமித்தம் நான் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் குடியிருக்கிறேன். இங்கேயும் இதே கேள்வி எண்பது வருடமாக ஓயவில்லை என்பதால் ஒரு பக்கவாட்டுச் செய்தியாக இதைச் சேர்க்கிறேன்.

1940-ல் ஜெர்மனி அல்சாஸையும் மொசேலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு, 1942 ஆகஸ்டில் அங்கே கட்டாயப் படைச்சேர்ப்பை அறிவித்தது. சுமார் 1,30,000 பேர் இழுக்கப்பட்டார்கள். ஓடிப்போனால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் ஜெர்மனிக்குள் குடிபெயர்ப்பார்கள் என்பதால் பெரும்பாலோர் ஓடவில்லை. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. சோவியத் படையிடம் தாமே சரணடைந்து, நாங்கள் பிரெஞ்சுக்காரர் என்று சொன்னவர்களில் பலர் ரஷ்யாவின் தாம்போவ் கைதி முகாமில் பசியிலும் குளிரிலும் செத்தார்கள். கடைசி ஆள் ஊர் வந்து சேர்ந்தது 1955-ல்.

கோட்டையூர் ஆச்சி கேட்பதற்கு நிகரான வழக்கும் இங்கே நடந்தது. 1944 ஜூன் 10 அன்று ஒராதூர்-சூர்-கிளான் என்ற பிரெஞ்சு ஊரில் 643 பேரை நாஜிகளின் எஸ்.எஸ். படை கொன்றது. அந்தப் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அல்சாஸ் இளைஞர்களும் இருந்தார்கள். 1953 பிப்ரவரியில் போர்தோ நகர இராணுவ நீதிமன்றம் அவர்களில் பதின்மூன்று பேரைத் தண்டித்தது. அல்சாஸ் முழுவதும் கொதித்தெழவே, ஒரே வாரத்தில் பிரெஞ்சு நாடாளுமன்றம் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றி அவர்களை விடுவித்தது. ஒராதூர் மக்கள் அதை ஏற்கவில்லை. அரசு கொடுத்த விருதைத் திருப்பி அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் லீ ஹாக்ரேயோடு ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகிறது. அல்சாஸ் பையன்களுக்காக எழுந்து நிற்க ஒரு நாடாளுமன்றம் இருந்தது. கொரியர்கள் சாங்கியில் தூக்கிலேறிய 1946, 1947-ல் கொரியா என்று ஓர் அரசே இல்லை. கட்டாயத்தின் அளவைவிட, கேட்க ஆள் இருந்ததா என்பதுதான் அவர்கள் தலைவிதியை எழுதியது.

தேவகோட்டைப் பேரன் எழுதுகிறார்:

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஆச்சி சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்; சரியாகச் சொன்னார்கள் என்றார். ஒன்று மட்டும் வழக்கறிஞர் ஐயாவிடம் கேட்கிறேன். பிற்காலத்திலாவது அந்தக் கொரியர்களுக்கு ஏதாவது கிடைத்ததா? நம்மவர்களுக்கு?

பள்ளத்தூர் வழக்கறிஞர் எழுதுகிறார்:

லீ 1956-ல் விடுதலையானார். கொரியாவில் ஜப்பானுக்குத் துணைபோனவன் என்று தூற்றுவார்கள் என அஞ்சி ஊர் திரும்பாமல், தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து டோக்கியோவில் வாடகைக்கார் நிறுவனம் நடத்தி வாழ்ந்தார். 1991-ல் ஆஸ்திரேலியா சென்று, ஹின்டோக் முகாமின் மருத்துவராக இருந்த எட்வர்ட் டன்லப்பை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார். ஆச்சியின் கேள்விக்கு இது ஒருவகைப் பதிலாகலாம்: கட்டாயத்தைக் காரணம் காட்டி ஜப்பானிய அரசிடம் வழக்காடிய அதே மனிதர், அடிபட்டவர்களிடம் அந்தக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அதே ஆண்டு தோழர்களோடு சேர்ந்து டோக்கியோவில் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். 1999-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. தென்கொரிய அரசு 2006-ல் இவர்களைக் கட்டாய ஆள்திரட்டலால் பாதிக்கப்பட்டவர்கள் என்று ஏற்றுக்கொண்டது. ஜப்பானிய நாடாளுமன்றத்தில் 2008-ல் இவர்களுக்காக ஒரு மசோதா கொண்டுவரப்பட்டு, அடுத்த ஆண்டு சபை கலைந்தபோது காலாவதியானது. லீ 2021 மார்ச்சில் 96-ஆம் வயதில் இறக்கும் வரை சட்டம் வரவில்லை.

நம்மவர்களைப் பொறுத்தவரை, 1967-ல் ஜப்பானும் மலேசியாவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஜப்பான் 294 கோடி யென் பெறுமானமுள்ள பொருட்களையும் சேவைகளையும் மலேசிய அரசுக்குக் கொடுத்தது. சயாமுக்குப் போனவர்களின் குடும்பங்களுக்குப் பணமாக அதில் ஒன்றும் ஒதுக்கப்படவில்லை; தாத்தாவைப் போல ஊர் திரும்பி இந்தியக் குடிமகனாகிவிட்டவர்களுக்கோ அந்த உடன்படிக்கையில் இடமே கிடையாது.